டியூபிலிருந்து வாய்க்கு: மார்பா, பாலாடையா, கிண்ணமா, புட்டியா?

"ஏம்மா, டியூப எப்பத்தான் எடுப்பீங்க?"

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் பதினாறு வருடமாக நர்ஸான என்னிடம் கேட்கும் கேள்வி இது. எடை கூடியதா என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளையின் வாயோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும், பாலை நேரே வயிற்றுக்குக் கொண்டுபோகும் அந்த மெல்லிய குழாய்தான் அவர்கள் கண்ணுக்கு நோய். அது போய்விட்டால் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம்.

டியூபை எடுப்பது அரை நிமிட வேலை. எடுத்த பிறகு பாலை எதில் கொடுப்பது, யார் கொடுப்பது என்பதில்தான் அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் போகும். இந்தியாவில் 2020-இல் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தார்கள். அவர்களில் இன்னும் சீக்கிரமாகப் பிறந்தவர்களின் வீட்டில் எல்லாம் இந்தக் குழப்பம் வந்திருக்கும். ஒரு நர்ஸ் பாலூட்டும் சின்னப் பாத்திரமான பாலாடை என்பார், இன்னொருவர் மார்பில் போட்டுப் பாரு என்பார், பக்கத்துப் படுக்கைக்காரர் புட்டி வாங்கி வந்திருப்பார். எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் தாய்க்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கு முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில், டியூப் ஏன் போடுகிறோம்? குறைமாதக் குழந்தைக்கு விழுங்கத் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். தெரியும். வயிற்றுக்குள் பனிக்குட நீரை விழுங்கியேதான் அது வளர்ந்தது. விரலைச் சப்பியும் பழகியிருக்கும். அதற்குப் பழக்கமில்லாதது, சப்புவதற்கும் விழுங்குவதற்கும் நடுவே மூச்சு விடுவது. கருவில் அந்தத் தேவையே இருந்ததில்லை. சப்பு, விழுங்கு, மூச்சு விடு என்ற இந்த மூன்றும் கோத்துக்கொள்வது 32 முதல் 34 வாரத்தில் தொடங்கும். பல குழந்தைகளுக்கு 36, 37 வாரம் வரை அது உறுதிப்படாது. இங்கே வாரம் என்பது பிறந்த நாளிலிருந்து எண்ணுவதல்ல. 30 வாரத்தில் பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தை 33 வாரக் குழந்தை. இந்த மூன்றும் கோத்துக்கொள்வதற்கு முன் வாயில் பால் போனால் புரை ஏறும், பால் நுரையீரலுக்குப் போகும், மூச்சு நின்று உதடு நீலமாகும்.

அதனால் ஒவ்வொரு வழியைப் பற்றியும் நான் கேட்கும் முதல் கேள்வி: பால் வரும் வேகம் யார் கையில் இருக்கிறது? புட்டியைத் தலைகீழாகச் சாய்த்தால் வேகம் புட்டியின் கையில். பாலாடையில், ஊற்றுகிறவர் கையில். கிண்ணத்தில் பாதி நம் கையில், பாதி குழந்தையின் நாக்கில். மார்பில் பெரும்பாலும் குழந்தையின் வாயில். எத்தனை நிமிடத்தில் எத்தனை மி.லி. போனது என்று கணக்குப் பார்க்கும் கண் இந்தக் கேள்வியைத் தவறவிட்டுவிடும்.

இந்தியாவில் நாங்கள் படித்த பாடம் எளிமையானது. 28 வாரத்துக்குக் கீழே என்றால் தொடக்கத்தில் நரம்பு வழி திரவம், 28 முதல் 31 வரை டியூப், 32 முதல் 34 வரை பாலாடை அல்லது ஸ்பூன், 34-க்கு மேல் தாயின் மார்பு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது நல்ல ஏணி. ஆனால் ஒவ்வொரு படிக்கும் பூட்டுப் போட்ட கதவு இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான் தவறு. ஸ்வீடனில் தாயும் பிள்ளையும் நாள் முழுவதும் தோலோடு தோலாக இருக்கும் பிரிவுகளில் கவனித்து 2008-இல் எழுதியிருக்கிறார்கள்: 29 வாரத்திலேயே மார்பைத் தேடி வாய் வைத்த குழந்தைகள் உண்டு, 32 வாரத்தில் முழுக்கத் தாய்ப்பாலை மார்பிலேயே குடித்தவையும் உண்டு, பாதிக் குழந்தைகள் 35 வாரத்துக்குள் அதை எட்டியிருக்கின்றன. நம் ஊரிலோ அதே வயதுக் குழந்தையை வார்மர் என்ற சூடேற்றிய படுக்கையில் கிடத்தி, "34 ஆகட்டும்" என்று காத்திருக்கிறோம்.

மார்பு

நேரே மார்பில் போட்டால் குழந்தை களைத்துப்போகும், முதலில் புட்டியில் பழகட்டும் என்று ஒரு எண்ணம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் சொல்கிறார்கள். 1980-களிலேயே சிறு குழந்தைகளின் ரத்த ஆக்ஸிஜனை இரண்டு விதமாகவும் அளந்து பார்த்தபோது, புட்டியில் குடிக்கையில்தான் அது அதிகம் இறங்கியது. மார்பில் குழந்தை கொஞ்சம் சப்பும், நிறுத்தி மூச்சு விடும், மறுபடி சப்பும். நிறுத்தினால் பாலும் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இடைவெளிதான் அதற்கு உயிர்.

பால் சுரப்பு அதிகமுள்ள தாய்மாருக்கு இதில் விலக்கு உண்டு. பால் இறங்கும் வேகத்திலேயே குழந்தை திணறும். அதற்குத்தான் முதல் சில நாள்கள் பாலை முழுவதும் பீய்ச்சி எடுத்துவிட்டு, வெறும் மார்பில் குழந்தையைப் போடச் சொல்வோம். தாய்மார்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். "பாலே இல்லாம சும்மா சப்ப விடுறதா சிஸ்டர்?" ஆமாம், சும்மாதான். டியூபில் பால் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது வாய் சப்பிக்கொண்டிருந்தால், சப்புவதற்கும் வயிறு நிறைவதற்கும் தொடர்பு உண்டு என்பது குழந்தைக்குப் பழகும். இப்படிப் பாலில்லாமல் சப்பவிட்டுச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், டியூபிலிருந்து முழு வாய்வழிப் பாலுக்கு வரும் காலம் சுமார் ஐந்து நாள் குறைந்திருக்கிறது. மருத்துவமனையில் ஐந்து நாள் என்பது ஒரு குடும்பத்துக்கு என்ன என்று வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அப்பாக்களைக் கேளுங்கள்.

மார்பின் குறை, எவ்வளவு உள்ளே போனது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அளக்கலாம். பால் குடிக்கும் முன் எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்து, குடித்த பின் அதே துணி, அதே நாப்கினோடு மறுபடி நிறுத்தால், கூடிய கிராம் கிட்டத்தட்ட குடித்த மி.லி. 18 மி.லி. தேவைப்படும் வேளையில் 7 போயிருந்தால் மீதி 11-ஐ டியூபிலோ பாலாடையிலோ கொடுத்துவிடலாம். தாயின் மனதில் இருக்கும் "பத்தல, பத்தல" என்ற பயத்தை எண்ணால் அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிடிக்கத் தெரிந்தும் வாய் நழுவி நழுவிப் போகும் குழந்தைக்கு மார்புக் காம்பின் மேல் வைக்கும் மெல்லிய சிலிகான் உறையான நிப்பிள் ஷீல்டு ஒரு துணை. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் அதே குழந்தைகள் ஷீல்டு இல்லாமல் சராசரி 3.9 மி.லி. குடித்தன, அதோடு 18.4 மி.லி. குடித்தன. சில வாரங்களுக்கு வைத்துக்கொண்டு பிறகு விட்டுவிடலாம். பால் பீய்ச்சுவதை மட்டும் நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு முறை, அதில் ஒன்றாவது நடுராத்திரியில். சுரப்பு வற்றிவிட்டால் மேலே சொன்ன எந்த வழிக்கும் பொருள் இல்லை.

பாலாடை

இது பால் மேல் படியும் ஆடை இல்லை, மூக்கு நீண்ட சின்ன எவர்சில்வர் பாத்திரம். பாட்டி வீட்டுச் சங்கின் தம்பி. உலகின் பல நாடுகளில் குறைமாதக் குழந்தைக்கு என்ன பாத்திரம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்தியப் பிரிவுகள் சமையலறை அலமாரியிலிருந்து இதை எடுத்து வந்துவிட்டன. விலை குறைவு, கொதிக்க வைத்துக் கழுவலாம், இடுக்கு இல்லை. எடை ஏறுவதற்காகத் தாய்ப்பாலில் சத்துப் பொடி கலக்கச் சொல்லியிருந்தால் கலந்த பாலை இதில் கொடுக்கலாம். மார்பில் அது முடியாது.

1999-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் கிண்ணம், புட்டி, பாலாடை மூன்றையும் ஒப்பிட்டார்கள். பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அமைதியாகவும் இருந்தன. 2007-இல் பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையையும் புட்டியையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாலாடையில் பால் அதிகம் சிந்தியது, நேரம் கூடியது, குழந்தைகள் அதிகம் தவித்தன. அதே பாத்திரம், நேரெதிர் முடிவு. இங்கே பிடித்த கைகளுக்கு அது பழகியிருந்தது, அங்கே பழகவில்லை என்பதுதான் என் கணிப்பு. பாலாடை நல்லதா என்ற கேள்விக்கு, யார் கையில் என்று பதில் கேள்விதான் கேட்க முடியும்.

இதை எனக்கு ஒரு குழந்தை கற்றுக்கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், இரவுப் பணி, மூன்று மணி வேளைப் பால். 33 வாரக் குழந்தை, கணக்கு 20 மி.லி. அடுத்து இன்னும் நான்கு குழந்தைகள் காத்திருந்தன. பாலாடையைச் சரித்தேன், விழுங்கியது, சரித்தேன், விழுங்கியது. நன்றாகக் குடிக்கிறது என்றுதான் நினைத்தேன். அது குடிக்கவில்லை, வாயில் வந்து விழுந்ததை வேறு வழியில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விட நான் இடம் தரவில்லை. ஆறாவது நிமிடத்தில் உதடு கறுத்தது, மானிட்டர் அலறியது. வாயைத் துடைத்து, உறிஞ்சி எடுத்து, முதுகைத் தடவி, ஆக்ஸிஜன் வைத்து மீட்டோம். அதன் பிறகு நான்கு நாள்கள் அந்தக் குழந்தை மறுபடி டியூபுக்குப் போனது. கொடுத்த கை என்னுடையது. இன்றும் பாலாடையை எடுத்தால் அந்த உதடு நினைவுக்கு வருகிறது.

ஆகவே முறையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையைப் படுக்க வைத்துக் கொடுக்காதீர்கள். மடியில் நன்றாக நிமிர்த்தி, தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடியுங்கள். பாலாடையில் பாதி மட்டும் பால். மூக்கு உதட்டின் ஓரத்தில் படட்டும், தொண்டைப் பக்கம் போகக் கூடாது. சில சொட்டு விட்டு நிறுத்துங்கள். விழுங்கியதைப் பாருங்கள். அதோடு போதாது, அதற்குப் பின் ஒரு மூச்சு வந்ததையும் பாருங்கள். பிறகுதான் அடுத்த சொட்டு. வாயில் பால் தேங்கியிருக்கும்போது மேலே ஊற்றாதீர்கள். காதை நிமிண்டி, பாதத்தைச் சுண்டி எழுப்பிக் குடிக்க வைப்பது வேண்டாம். தூங்கும் குழந்தைக்குச் சப்பு, விழுங்கு, மூச்சு விடு மூன்றும் கோத்துக்கொள்வது இன்னும் கடினம். இருபது, மிஞ்சினால் முப்பது நிமிடம். மீதியை டியூப் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவில் மிக நன்றாகப் பாலாடை பிடிக்கக் கற்றவர்களில் பலர் அப்பாக்கள். தறி ஓட்டுபவர், லாரி ஓட்டுநர், கொத்தனார். முதல் நாள் கை நடுங்கும். மூன்றாம் நாள் ஒரு சொட்டு சிந்தாது. தாய் அறுவைச் சிகிச்சை முடிந்து வேறு மாடியில் படுத்திருக்கும்போது அவர்கள்தான் அந்தக் குழந்தைக்குக் கை.

சரி, நர்ஸ் குறைவான இடத்தில், அவசரமான இரவில் பாலாடை எப்படி? என் பதில் பலருக்குப் பிடிக்காது. நிதானமாகக் கொடுக்க ஆள் இல்லையென்றால் அந்த வேளை டியூபிலேயே போகட்டும். அவசரப் பாலாடையைவிட நிதானமான டியூப் ஆயிரம் மடங்கு மேல். டியூபைத் தோல்வியாகப் பார்க்கும் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். குழந்தை ஒரு நாளைக்கு இரண்டு வேளை நன்றாக வாயால் குடித்து, மீதிப் பத்து வேளையும் டியூபில் வாங்கிக்கொண்டு தூங்கி எடை ஏறினால், அது முன்னேற்றம். 1,400 கிராம் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 160 மி.லி. என்றால் நாளைக்கு 224 மி.லி. இரண்டு மணிக்கு ஒரு முறை என்றால் வேளைக்கு 18, 19 மி.லி. அத்தனையையும் முதல் நாளே வாயால் குடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிண்ணமும் ஸ்பூனும்

கிண்ணத்திலிருந்து பாலை வாயில் ஊற்றவே கூடாது. விளிம்பைக் கீழுதட்டில் வைத்துச் சாய்த்துப் பிடித்தால் குழந்தை பூனைக்குட்டிபோல நாக்கால் நக்கிக் குடிக்கும். வேகம் அதன் நாக்கில் இருப்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் சிந்தும். கழுத்தில் கட்டிய துணி நனைந்து கனக்கும்போது உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், கிண்ணத்தில் குடித்த குழந்தைகள் முழுத் தாய்ப்பாலோடு வீட்டுக்குப் போனது அதிகம், ஆனால் மருத்துவமனையில் சுமார் பத்து நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தது. புட்டியைத் தவிர்ப்பது தாய்ப்பாலுக்கு நல்லது என்பதைப் பிறகு தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனமும் குறைமாதக் குழந்தைக்குப் புட்டியைவிடக் கிண்ணமோ ஸ்பூனோ மேல் என்றுதான் 2018-இல் எழுதியது. ஸ்பூன், சீம்பாலின் முதல் சில மி.லி.க்கு நல்லது. அதற்கு மேல் கை வலிக்கும்.

புட்டி

இந்தியாவில் புட்டிக்கும் பால்பவுடருக்கும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, 2003-இல் அது இன்னும் இறுகியது. அந்தச் சட்டம் கம்பெனிகளை நோக்கியது, தாயை நோக்கியதல்ல. புட்டியோடு வந்த தாயைத் திட்டி அழவைத்த நர்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் வேலை இல்லை.

ஆனால் புட்டியை நான் கடைசியில்தான் வைப்பேன். நிப்பிளில் "மெதுவானது" என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அதன் வேகம் மாறும். சாய்த்துப் பிடித்தால் குழந்தை கேட்காமலே பால் வந்துகொண்டிருக்கும். திருகாணி மூடி, நிப்பிள் இடுக்கு எல்லாவற்றையும் நாளைக்கு எட்டுப் பன்னிரண்டு முறை கழுவிக் கொதிக்க வைப்பது தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் நடக்காது. வயிற்றுப்போக்கு ஒரு நாள் வந்தால் 1,800 கிராம் குழந்தை தாங்காது.

புட்டிதான் வழி என்ற நிலையும் வரும். தாய் இல்லாத குழந்தை, தாய் நெடுநாள் நோயில் இருப்பது, அண்ணப்பிளவுக்கான தனிப் புட்டி. அப்போது குழந்தையை ஒருக்களித்து, தலை சற்று உயரமாக, மார்பில் கிடப்பதுபோலப் படுக்க வையுங்கள். புட்டியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நான்கைந்து முறை சப்பியதும் புட்டியைச் சற்றுத் தாழ்த்தி மூச்சு விட விடுங்கள். இப்படிச் செய்தால் வேகத்தில் பாதியையாவது குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். தாய்க்குப் பால் இல்லையென்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பவுடருக்கு முன் அதைக் கேளுங்கள்.

எந்தப் பாத்திரமானாலும்

கடிகாரமா, குழந்தையா என்பது இன்னொரு முடிவு. குழந்தை வாயைத் திறந்து தேடும்போது, கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது கொடுப்பது ஒரு முறை. மணி அடித்தால் கொடுப்பது இன்னொன்று. குழந்தையின் அறிகுறியைப் பார்த்துக் கொடுத்தவர்கள் ஐந்தாறு நாள் முன்னதாக முழு வாய்வழிப் பாலை எட்டியதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. சான்று வலுவானதல்ல, எடையும் சற்று மெதுவாகத்தான் ஏறியது. நான் இரண்டையும் கலக்கிறேன்: நேரத்துக்குப் பால் போகட்டும், ஆனால் வாயாலா டியூபாலா என்பதைக் குழந்தை சொல்லட்டும். புருவம் சுருங்குவது, விரல்கள் விரிந்து நிற்பது, விக்கல், முகத்தைத் திருப்புவது, வாயோரம் பால் வழிவது எல்லாம் "போதும்" என்ற சொல்தான். மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டி ஓடும் குழந்தைக்கு அந்த வேளை வாயில் எதுவும் வேண்டாம்.

கங்காரு பராமரிப்பைப் பாத்திரங்களின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தாயின் நெஞ்சில் குழந்தையைக் கட்டி வைக்கத் தொடங்கியது அது. இன்று நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அப்படி வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நெஞ்சிலேயே கிடக்கும் குழந்தைக்கு மார்பைத் தேட வேறு பயிற்சி வேண்டியதில்லை. டியூபோடும் இதைச் செய்யலாம்.

என் தேர்வைக் கேட்டால்: தாய் பக்கத்தில் இருந்து, குழந்தையின் மூச்சு சீராக இருந்தால், முதலில் மார்பு, மீதிக்கு டியூப், டியூப் தேவை குறையக் குறையப் பாலாடை. தாய் வர முடியாத நாள்களில், அப்பாவோ பாட்டியோ கற்றுக்கொண்ட பாலாடை. கை பழகாதவர்களுக்குக் கிண்ணம். நுரையீரல் பலவீனமாக இருந்து நெடுநாள் ஆக்ஸிஜனில் இருந்த குழந்தைக்கு யாருடைய அனுபவமும் பொருந்தாது. அங்கே மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் முடிவு.

வீட்டுக்குப் போகும்போது தாய்மாமன் வாங்கி வந்த வெள்ளிச் சங்கு வரும். விளிம்பு விரலைக் கீறாமல் இருந்து, கொதிக்கவும் வைத்தால் கொடுக்கலாம், பாலாடையின் அதே நிதானத்தோடு. சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து மூன்றும் வேண்டாம். மாமியாரிடம் சொல்லத் தயங்கினால் என்னிடம் அழைத்து வாருங்கள், நானே சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம், வாரம் இருமுறை எடை பாருங்கள். நாளைக்கு ஒரு கிலோவுக்கு 15 கிராம் அளவில் ஏற வேண்டும். நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, தொடர்ந்து இரண்டு வேளை வழக்கத்தில் பாதிகூடக் குடிக்காமல் தூங்கினாலோ, குடிக்கும்போது ஒரு முறை உதடு நீலமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். திரும்ப இரண்டு நாள் டியூப் போட வேண்டி வந்தால் போட்டுக்கொள்ளலாம்.